ஓட்டுப் போடுகிறவனை இந்தப் படம் என்னவாக நினைக்கிறது?

"எல்லாக் கட்சியையும் வச்சு செஞ்சிருக்காங்க, படம் நடுநிலை." அரசியல் நையாண்டிப் படம் எது வந்தாலும் இந்த வரி கிளம்பிவிடுகிறது. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு கட்சியையும் சமமாகத் திட்டுகிற படத்துக்கும் சாய்வு உண்டு. அது தெரிய, வாக்காளனை அந்தப் படம் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள்.

சோவின் 'முகமது பின் துக்ளக்' (1971) தலைவர்களைக் கிழிக்கிறது, சரி. ஆனால் தான்தான் பழைய சுல்தான் துக்ளக் என்று ஏமாற்றுகிறவனை ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைப்பது ஜனங்கள். உண்மையைச் சொல்ல வரும் கூட்டாளி மேலேயே அவர்களை அவன் திருப்பி விடுகிறான், அவர்களும் நம்பிவிடுகிறார்கள். கூட்டத்துக்குப் புத்தி கிடையாது என்பதே அந்தப் படத்தின் அரசியல்.

'மண்டேலா' (2021) நேர் எதிர். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் ஒற்றை ஓட்டு தேர்தலைத் தீர்மானிக்கும் நிலை. முதலில் அதை வைத்து வயிறு நிறையச் சாப்பிடுகிறார். பிறகு அதே ஓட்டைக் காட்டி ஊருக்கு வேண்டியதைச் செய்ய வைக்கிறார். ஓட்டுக்கு விலை பேசும் வழக்கத்தைத்தான் இந்தப் படமும் கேலி செய்கிறது. ஆனால் பேரம் பேசுகிற ஏழையை முட்டாளாக்கவில்லை.

சிக்கலான படம் 'அமைதிப்படை' (1994). வாக்கு எண்ணிக்கை ஏற ஏற, சத்யராஜ் நடித்த அமாவாசை என்கிற வில்லன் நாற்காலியில் உட்காரும் தோரணை மாறுகிற காட்சி, தமிழில் அதிகாரத்தைப் பற்றி எடுத்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று என்பேன். ஆனால் சத்யராஜின் நக்கல் அவ்வளவு ருசி. பார்க்கிறவன் வில்லன் பக்கம் போய்விடுகிறான். அல்வா காட்சி ஒரு பெண்ணை ஏமாற்றிச் சீரழிக்கிற காட்சி. இன்று அது மீம். நையாண்டி கசிந்து போவது இப்படித்தான்.

அடுத்த முறை ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தலைவர், அதிகாரி, வாக்காளர். இடைவேளை வரை ஒவ்வொரு நகைச்சுவையும் யார் மேல் விழுகிறது என்று கோடு கிழியுங்கள். வசனத்தை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். சென்சாரில் பெயர்கள் மௌனமாகும், கட்சிகள் கற்பனையாகும். பாதி விஷயம் வேட்டிக் கரையிலும் துண்டின் நிறத்திலும்தான் இருக்கும். ஜோக் முடிந்ததும் கேமரா யார் முகத்துக்குப் போகிறது என்பதையும் குறியுங்கள். திகைத்து நிற்கும் கிராமத்தான் முகத்துக்கே திரும்பத் திரும்பப் போனால், சிரிக்கச் சொல்வது அவனைப் பார்த்துத்தான்.

பிறகு கடைசி இருபது நிமிடம். அங்கேதான் முக்கால்வாசிப் படங்கள் சறுக்குகின்றன. இரண்டு மணி நேரம் தலைவர் வழிபாட்டைக் கிண்டலடித்துவிட்டு, நல்லவன் ஒருவன் மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் பேச, ஜனங்கள் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். அந்த இடத்தில் வாக்காளன் மறுபடி வெறும் கூட்டமாகிவிடுகிறான். கட்சிக்காரர்களை எவ்வளவு திட்டியிருந்தாலும், அந்தப் படம் இன்னொரு தலைவருக்குத்தான் ஆள் சேர்க்கிறது.