பிறந்த பிள்ளைக்குச் செந்தில் என்று வையுங்கள்

செந்தில் என்ற பெயரைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. பல நாளாக மனதில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன், பதிவு நீளமாகத்தான் போகும்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் கவின், நிதின், மித்ரன், தர்ஷன், யஷ்வந்த் என்று வரிசையாகப் போகும். செந்திலைப் பார்க்கவேண்டும் என்றால் சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்டிருக்கும் கட்டத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே செந்தில்குமார், செந்தில்நாதன், செந்தில்வேல், செந்தில்முருகன் என்று எல்லோரும் இருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் இவர்கள் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரே வகுப்பில் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட்டால்தான் சரியான ஆள் எழுந்திருப்பான். ஒரு தலைமுறைக்குள் பெயர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு இடம் மாறிவிட்டது.

எங்கள் குடும்பத்திலும் இப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கச்சி முறையில் ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பெரியப்பா செந்தில் என்று வைக்கச் சொன்னார். "அது அங்கிள் பேர் மாதிரி இருக்கு பெரியப்பா" என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாததை நான் பேசுகிறேன்.

இந்தப் பெயர் எவ்வளவு பழையது தெரியுமா? புறநானூற்றின் 55ஆவது பாடலை எடுத்துப் பாருங்கள். மதுரை மருதன் இளநாகனார் என்ற புலவர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பார்த்துப் பாடியது. உன்னிடம் யானை இருக்கிறது, குதிரை இருக்கிறது, தேர் இருக்கிறது, உயிருக்கு அஞ்சாத வீரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் "அறநெறி முதற்றே அரசின் கொற்றம்" என்கிறார் புலவர். அதனால் நம்மவன் என்று செங்கோலை வளைக்காதே, அயலான் என்று அவன் நல்ல குணத்தை இல்லாமல் ஆக்கிவிடாதே. சூரியனைப் போன்ற வீரமும், நிலவைப் போன்ற குளிர்ந்த மென்மையும், வானத்தைப் போன்ற கொடையும் உனக்கு இருக்கட்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் வாழ்த்துகிறார். எப்படி வாழ்த்துகிறார் என்பதுதான் முக்கியம். வெள்ளை நுரைத்தலையோடு அலை வந்து மோதுகிற செந்தில் துறையில், அதாவது இன்றைய திருச்செந்தூரில், நெடுவேளான முருகன் நிலைபெற்ற அந்த அழகிய கரையில், காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடு இருக்கிறதே, அந்த மணலை எண்ணினால் எத்தனை வருமோ அதைவிட அதிக காலம் நீ வாழ்க என்கிறார்.

சொல்லுங்கள், ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல வாழ்த்து எங்கே கிடைக்கும்? கிட்டத்தட்ட 2000 ஆண்டுக்கு முன்னால், நீண்ட ஆயுளுக்கு அடையாளமாக ஒரு புலவர் செந்தில் கரையின் மணலைக் காட்டியிருக்கிறார். அரசனுக்கே நீதி சொல்லிய பாட்டில் இந்தப் பெயர் இருக்கிறது. நாம் என்னடா என்றால் கூகுளில் 'மாடர்ன் தமிழ் பேபி நேம்ஸ்' என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிலப்பதிகாரத்திலும் உண்டு. குன்றக் குரவையில் "சீர்கெழு செந்திலும் செங்கோடும் வெண்குன்றும் ஏரகமும் நீங்கா இறைவன்" என்று வருகிறது. முருகன் இருக்கும் ஊர்களை அடுக்கும்போது முதலில் செந்தில்தான். அகநானூறும் திருமுருகாற்றுப்படையும் அதே ஊரை அலைவாய் என்று சொல்கின்றன. பிற்காலத்தில் அருணகிரிநாதருக்கு அது செந்தூர். ஊருக்கு இப்படிப் பல பெயர் வந்தாலும் பிள்ளைகளின் பெயராக நம் வீட்டுக்குள் அதிகம் வந்து உட்கார்ந்தது செந்தில் என்ற பெயர்தான்.

பொருள் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. உயிர்களெல்லாம் தங்கும் இல்லம் என்று செந்து, இல் என்று பிரித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சூரனை வென்ற இடம் என்பதால் ஜயந்திபுரம், அதிலிருந்து வந்தது என்று கோயில் பக்கம் சொல்வார்கள். செம்மையோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அது அந்த ஊரின் பெயர், அவ்வளவு போதும். திருச்செந்தூர் கரையில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் அர்த்தம் தேவைப்படாது.

நேர்ந்துகொண்ட ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது நம் பழக்கம். பழனி, சிதம்பரம், அண்ணாமலை, திருப்பதி, மருதமலை என்று எத்தனை பேர் இருக்கிறார்கள். தணிகைவேல் என்றால் திருத்தணி, சோலைமலை என்றால் பழமுதிர்சோலை. இது இந்துக்களோடு நிற்கவில்லை. நாகூர் மீரானும் நாகூர் கனியும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள், வேளாங்கண்ணி என்று பெயர் வைத்த வீடுகளும் இருக்கின்றன. பிள்ளை இல்லாத ஏக்கத்தோடு பஸ் ஏறிப் போய், கும்பிட்டு அழுது, வேண்டுதல் பலித்ததும் அந்த ஊரையே கையோடு கூட்டிவந்து மடியில் வைத்துக்கொண்டவர்கள் இவர்களெல்லாம். இந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நன்றி சொல்வதற்கு இதைவிட நல்ல வழி அந்த அம்மாக்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கம் திருச்செந்தூருக்கு நேர்ந்து வைத்த செந்தில்கள் நிறைய உண்டு. பெண் பிள்ளையாக இருந்தால் செந்தில்வடிவு. ஈழத்தில் செந்தூரன் என்ற பெயர் பரவலாக இருக்கிறது. செந்தில்நாதனும் செந்தில்நாயகமும் அங்கேயும் உண்டு. மலையகத்தைச் சேர்ந்த செந்தில் தொண்டமான் 2023இல் இலங்கையின் கிழக்கு மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்றார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தப் பெயரைத் தெரியாத தமிழர் இருக்கமாட்டார்கள்.

தாத்தா காலத்தில் முருகன் பெயர் என்றால் சுப்பிரமணியன், ஆறுமுகம், கந்தசாமி, வேலாயுதம், முத்துக்குமாரசாமி இவைதான் அதிகம். செந்தில் அதற்குப் பின்னால்தான் வீட்டுக்கு வீடு வந்தது. அது ஏன் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இரண்டு காற்று ஒன்றாக வீசியது. ஒரு பக்கம் தமிழ்ப்பெயர் வைக்கும் ஆசை. 1916இல் வேதாசலம் தன் பெயரை மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டதிலிருந்து தொடங்கி, நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் ஆன காலம் வரை அது வளர்ந்துகொண்டே வந்தது. இன்னொரு பக்கம் டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு. பக்தியுள்ள பாட்டிக்கும் பிடித்து, தமிழ் ஆர்வமுள்ள அப்பாவுக்கும் பிடித்த பெயர்கள் எத்தனை இருந்திருக்கும்? செந்தில் அப்படி ஒரு பெயர். பாட்டிக்கு அது கோயில், அப்பாவுக்கு அது சங்க இலக்கியம். வீட்டில் சண்டை இல்லாமல் வைத்திருப்பார்கள். கூடவே குமார் சேர்க்கும் மோகமும் வந்ததும் செந்தில்குமார் எங்கும் நிறைந்துவிட்டான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எனக்கு இது எல்லாவற்றையும் விடப் பெரிது. பெயரைக் கேட்டதும் சாதியைக் கணக்குப் போடுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பள்ளியிலேயே அது நடக்கிறது. செந்தில் என்ற பெயரை வைத்துக்கொண்டு அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாச் சாதியிலும் செந்தில் உண்டு. கொங்கிலும் உண்டு, தஞ்சையிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. கடலோரத்து ஊர் ஒன்றின் பெயர் எல்லா வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது. பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய பாதுகாப்பு இது என்று நான் நினைக்கிறேன்.

என்னிடம் சொல்லப்பட்ட மறுப்புகளுக்கு வருகிறேன். "செந்தில்னா காமெடி நடிகர்தான் ஞாபகம் வருவார், பையனைக் கிண்டல் பண்ணுவாங்க" என்றார்கள். அந்த நடிகருக்கு வீட்டில் வைத்த பெயர் முனுசாமி. முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து வந்து, செந்தில் என்ற பெயரில் தமிழ் பேசும் ஊரெல்லாம் சிரிப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவரை நினைவுபடுத்துவதில் என்ன குறை?

அடுத்தது, "நாளைக்கு அமெரிக்கா போனா இந்தப் பேரை எப்படிச் சொல்லுவாங்க?" இதற்கு நான் செந்தில் முல்லைநாதனைத்தான் காட்டுவேன். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். பொருளாதார அறிஞர், ஹார்வர்டிலும் சிகாகோவிலும் பேராசிரியராக இருந்தவர். அவர் மரியான் பெர்ட்ராண்ட் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு பெயரைப் பற்றியதுதான். பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு. சிலவற்றில் வெள்ளையர் வைத்துக்கொள்ளும் பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் பெயர். வெள்ளையர் பெயருக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது.

அப்படியென்றால் பெயர் வழியை மறிக்கத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். மறிக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குற்றம் விண்ணப்பத்தைப் படிக்கிறவனுடையது. அதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய ஆய்வின் மேல் செந்தில் என்ற பெயரே இருக்கிறது. யஷ்வந்த் என்று வைத்தால் மட்டும் அந்த ஊர்க்காரர்கள் சரளமாகக் கூப்பிடப்போகிறார்களா? அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் நமக்குத்தான் இருக்கிறது.

எழுத்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. பஞ்சாங்கத்தில் அசுவினி நட்சத்திரத்துக்கு சு, சே, சோ, லா என்று போட்டிருக்கும். அசுவினியில் பிறந்த பிள்ளைக்குச் செந்தில் தாராளமாகப் பொருந்தும். எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு எச், ஒரு எல் சேர்ப்பது மட்டும் வேண்டாம். வளர்ந்தபிறகு பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி என்று அந்தப் பிள்ளைதான் அலையும்.

அங்கிள் பெயர் என்று தங்கச்சி சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. அவள் அப்பா வயதுக்காரர்களை அந்தப் பெயரில் கேட்டு வளர்ந்தவள், அப்படித்தான் தோன்றும். ஆனால் இப்போது பிறக்கும் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது வகுப்பில் அவன் ஒருவன்தான் செந்திலாக இருப்பான். எல்லோரும் தேடி அலைகிற 'யுனிக் நேம்' அவனுக்குத் தானாகவே கிடைத்துவிடும்.

பெயரைச் சீக்கிரம் சொல்லுங்கள், சான்றிதழ் வாங்கவேண்டும் என்று வீடுகளில் பதறுவதைப் பார்க்கிறேன். பதற வேண்டியதில்லை. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும், பெயரில்லாமலும் பதியலாம். பிறகு பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். தங்கச்சியிடம் இதைச் சொல்லி, புறநானூற்றுப் பாட்டையும் உரையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பெயர் முடிவு செய்யாமல் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் கேளுங்கள், உங்களுக்கும் அனுப்புகிறேன்.