சமோவாவில் பச்சை குத்துவது நின்றதே இல்லை
"மிஷனரிகள் வந்ததும் பாலினீசியா (சமோவா, தஹிதி அடங்கிய பசிபிக் தீவுகள்) முழுக்கப் பச்சை குத்துவது அழிந்துபோய், 1980களில்தான் உயிர்த்தது" என்று சொல்வது தவறு. தஹிதிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சமோவாவில் துஃபுகா (பச்சை குத்தும் கைவினைஞர்) குடும்பங்கள் விடாமல் குத்திவந்தார்கள். தஹிதியின் மறுமலர்ச்சிக்கே கைகொடுத்தவர்கள் அவர்கள்.

சமோவாவில் ஆண்களுக்கான பச்சையின் பெயர் பெஆ, அது இடுப்பிலிருந்து முழங்கால் வரை. பன்றிக் கோரைப்பல்லில் அறுத்த சீப்பை ஆமையோட்டுத் தகட்டில் கட்டி, மரப்பிடியில் பிணைத்து, சிறு கோலால் தட்டுவார்கள். தோலை இழுத்துப் பிடிக்கும் உதவியாளர்கள் மிக முக்கியம். பிடி தளர்ந்தால் பற்கள் சீராக இறங்காது, கோடு கோணிவிடும். பாதியில் விட்டவருக்கு ஆயுளுக்கும் அவமானம்.

மரம், எலும்புக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது கடினம் என்பதால் 1986இல் தஹிதி அடங்கிய பிரெஞ்சு பாலினீசியாவில் பாரம்பரிய முறைக்குத் தடை வந்தது. அதற்கும் மிஷனரிகளுக்கும் சம்பந்தமில்லை.