"பார்த்தீங்களா, பரவியிருந்துச்சு!"

அக்காவுக்குத் தைராய்டு புற்று ஆபரேஷன் முடிந்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பார்த்தீங்களா, நெறிக்கட்டியிலயும் பரவியிருந்துச்சு. எடுத்தது நல்லதாப் போச்சு." கட்டி 6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு உளுந்து. கழுத்து நடுவிலிருந்து எடுத்த ஏழு நெறிகளில் (நிணநீர் முடிச்சுகள்) இரண்டில், மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற அளவுக்குப் புற்றணுக்கள். நாங்கள் கும்பிடாத சாமி இல்லை.

இப்போது அந்தப் பேச்சின் மேல்தான் எனக்குக் கோபம்.

1 செ.மீ. வரை உள்ள பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றில் இந்த நெறி விஷயம் ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையாகவே ஆகிவிட்டது. தைராய்டுக்குப் பின்னால், மூச்சுக்குழாய் ஓரமாக இருக்கிற நெறிகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. அதனால் ஆணா பெண்ணா, வயது என்ன, கட்டி ஒன்றா பலவா, தைராய்டின் உறையைத் தொட்டிருக்கிறதா, பிராஃப் மரபணு மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, இவருக்குப் பரவியிருக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்கிறார்கள். இப்போது ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்கிறது. சரி, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கணக்கு எதை ஊகிக்கிறது? நெறியை வெட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே அணு இருக்குமா என்பதை. அந்த அணு அக்காவை என்ன செய்யும் என்பது அதில் வராது.

ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி என்ற டாக்டர் 1993-லேயே, இந்தச் சின்னக் கட்டிகளை வெட்டாமல் கவனித்து மட்டும் வரலாம் என்றார். அப்போது கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! புற்றுநோய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதா? அனுப்பினார்கள், வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்தார்கள். 2014-ல் 1,235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் புதிதாக நெறியில் பரவல் தென்பட்டது 3.8 சதவீதம் பேருக்கு. கட்டி 3 மி.மீ.யோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. அந்தப் புற்றால் இறந்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது இதைப் பக்கத்தில் வையுங்கள். முன்னெச்சரிக்கையாக நெறிகளை எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்காவது உள்ளே அணு இருந்திருக்கிறது. அப்படியென்றால் கோபேயில் கத்தி படாமல் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கும் அது இருந்திருக்கத்தானே வேண்டும்? இருந்த இடத்திலேயே சும்மா கிடந்திருக்கிறது. "பார்த்தீங்களா" என்று காட்டப்பட்டது அதைத்தான்.

வயசு விஷயம் இன்னும் வேடிக்கை. தைராய்டு புற்றில் பொதுவாக வயதானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பார்கள். இந்தக் குட்டிக் கட்டிகளில் தலைகீழ், நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் நெறியில் பரவல் அதிகம் தென்பட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு மிகக் குறைவு. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. அந்தக் கேள்வி அன்று எழவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

எல்லோரும் காத்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கேனிலேயே நெறி தெளிவாகத் தெரிந்தால், கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால் ஆபரேஷன்தான், அதில் கோபேக்காரர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எரிச்சல் என்னவென்றால், பயம் ஒரு பக்கம் மட்டும் நிறுக்கப்படுகிறது. தென்கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் நடுவே தைராய்டு புற்று கண்டுபிடிக்கப்படுவது 15 மடங்கு ஆனது, சாவு எண்ணிக்கை அசையவில்லை. அத்தனை கழுத்துகளிலும் கத்தி பட்ட கணக்கை யார் வைப்பது?

அக்கா கணக்கு எனக்குத் தெரியும். நெறி எடுக்கும்போது பக்கத்தில் இருந்த, ரத்தத்தில் கால்சியத்தைக் கவனித்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பியும் அடிபட்டதில் முதல் மூன்று மாதம் விரல் நுனியெல்லாம் மரத்து, உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று இழுத்தது. கால்சியம் மாத்திரையை ஒரு நாள் மறந்ததில், பிடித்திருந்த கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. மாடியிலிருந்து "டேய்" என்று கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கிற குரல், இன்று வாசலைத் தாண்டாது. தைராய்டு ஹார்மோனுக்கு ஈடான தைராக்ஸின் மாத்திரையோ ஆயுசுக்கும், வெறும் வயிற்றில். ஐந்தரை மணிக் காப்பி ஆறரைக்குப் போய்விட்டது, அதற்குத்தான் அதிகம் திட்டுகிறாள்.

போன மாதம் எங்கள் தெரு மாமி ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்தார். வயது அறுபத்து மூன்று, கட்டி 5 மி.மீ., ஸ்கேனில் நெறி எதுவும் இல்லை. அக்காவே கூட வந்து வேறொரு டாக்டரிடம் உட்கார்ந்து, அந்தக் கம்மிய குரலில் கேட்டாள்: "டாக்டர், இதை இப்படியே விட்டு வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். மாமிக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம்.