தினமும் பார்க்கிறவர்கள் இல்லை நாங்கள்

நீலகிரியில் எங்கள் கோத்தகிரிப் பக்கம் இருக்கும் கோடநாடு காட்சிமுனையில், சுற்றுலா வந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்த என் அம்மாவை எழுந்து இடம் விடச் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த இதைப் பற்றி எழுதியதற்கு வந்த மறுமொழிகளை எல்லாம் படித்துவிட்டேன். “அவர் மரியாதையாகத்தானே கேட்டார்” என்று எழுதியவர்களே அதிகம். மரியாதையாகத்தான் கேட்டார், நான் மறுக்கவே இல்லை. “நீங்கள் இந்த ஊர்தானே அம்மா, தினமும் பார்ப்பீர்கள், கொஞ்சம் எழுந்துகொண்டால் நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம்” என்றார். அம்மாவும் மறுபேச்சில்லாமல் எழுந்து, முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் “தினமும் பார்ப்பீர்கள்” எனக்கு இன்னும் ஆறவில்லை.

யார் தினமும் பார்க்கிறார்கள்? கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்த் திரும்ப அரை நாள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் யாரிடம் அந்த அரை நாள் இருக்கிறது?

மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா உடம்பில் தெம்பு இருந்தவரை கொழுந்து பறித்தார். குனிந்த தலை நிமிராமல் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டிருப்பவருக்கு எதிரே இருக்கும் பள்ளத்தாக்கு எங்கே தெரியும்? எடை போடும்போது கிலோ குறையக்கூடாதே என்ற கவலை, காலில் ஏறும் அட்டை, தூறலில் நனைந்து கனக்கும் சேலை. இவற்றோடுதான் அவர் இந்த மலையில் இருந்தார். ஞாயிறு வந்தால் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும். இப்போதும் அவருடைய கட்டைவிரல் வெடிப்பில் தேயிலைக் கறை கறுப்பாகப் படிந்திருக்கிறது. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

என் கணவர் வாடகை வண்டி ஓட்டுகிறார். தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா, கோடநாடு எல்லாவற்றுக்கும் சவாரி போகிறவர். ஆனால் அவருக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் அங்கே வண்டி நிறுத்துகிற இடம் மட்டும்தான். வந்தவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு வரும்வரை வண்டியைவிட்டு நகர மாட்டார். மதியச் சாப்பாடும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். இவரையும் தினமும் பார்க்கிறவர் கணக்கில் சேர்த்துக்கொள்வீர்களா?

“ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டுமா, உள்ளூர்க்காரர்கள் வார நாளில் போகலாமே” என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு வார நாளில் பள்ளிக்கூடம் கிடையாதா? எங்கள் பக்கத்துப் பருவத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கோத்தகிரியும் குன்னூரும் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பவை. வடகிழக்குப் பருவமழைதான் எங்கள் தலையில் கனமாக இறங்கும். 2009 நவம்பரில் மண் சரிந்து நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அடைமழை பிடித்துவிட்டால் வயதானவரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு எங்கே போவது? மழை விட்டால் உறைபனி வந்துவிடும். தென்மேற்குக் காற்று ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழை வலுப்பதற்குள் வெயிலும் குளிரும் அளவாக இருக்கும் சில ஞாயிறுகள்தான் எங்களுக்கு மிச்சம். இரண்டாவது சீசன், காலாண்டு விடுமுறை, ஆயுதபூஜை என்று சமவெளியே மேலேறி வருவதும் அப்போதுதான். வரட்டும். நாங்களும் வருவோம்.

அன்று கணவர் சவாரியை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். வானம் தெளிவாக இருந்தது. கீழே மாயாறும் அதன் கரையில் இருக்கும் தெங்குமரஹாடா ஊரின் வயல்களும் தெரிந்தன, இன்னொரு பக்கம் ரங்கசாமி மலை. “அந்த ஊர்க்காரர்கள் பரிசலில்தானே ஆற்றைக் கடக்கிறார்கள், தண்ணீர் கூடினால் பிள்ளைத்தாய்ச்சியை எப்படிக் கொண்டுபோவார்கள்?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டார். முதல் தட்டு என் கணவருக்கு. “மாப்பிள்ளை இன்றைக்காவது கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடட்டும்” என்றார். அவர் இரண்டு வாய் வைப்பதற்குள் அந்தக் குடும்பம் வந்து நின்றது.

“உங்கள் பிழைப்பே சுற்றுலாப் பயணிகளால்தான்” என்ற மறுமொழிக்கு நிறையப் பேர் கைதட்டியிருக்கிறீர்கள். எங்கள் பிழைப்பில் சுற்றுலாவுக்குப் பங்கு உண்டு. சவாரிக்குப் பணம் வாங்குகிறோம், அந்தப் பணத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் குழந்தைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்குகிறோம். கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் என் அம்மா எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த ரசீதில் எழுதியிருக்கிறது?

தொலைவிலிருந்து செலவு செய்து வருகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. அதற்காக நாங்கள் இடத்தை அடைத்துக்கொள்கிறோம் என்று சொல்லாதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் என்ற இணைய அனுமதியைக் கொண்டுவந்தார்கள். 2025 கோடையில் வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்களுக்கு மேல் விடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட வேண்டியிருந்தது. அவ்வளவு கூட்டத்தில் பஸ்ஸில் வந்த எங்கள் ஒரு குடும்பமா கூடுதல்?

எழுத எழுத ஆத்திரம் வருகிறது. கொழுந்து பறித்த காலத்தில் அம்மாவைக் கேட்காமல் படம் எடுத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. கூடையைச் சரியாக மாட்டச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுப்பார்கள். நாள்கூலிக்காரர், நேரத்தை விட்டுக்கொடுத்துச் சிரித்துவிட்டு நிற்பார். அவர்கள் வீட்டில் எங்கேயோ என் அம்மாவின் முகம் தொங்குகிறது. எங்கள் வீட்டில் அவருடைய இளவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும்போது பார்க்க அழகாகத் தெரிந்தவர், காட்சிமுனையில் உட்கார்ந்தால் மட்டும் ஏன் இடைஞ்சலாகத் தெரிகிறார்? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நேற்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதினால் சவாரி குறையும், பதிவை நீக்கிவிடு என்றார். கணவரிடம் கேட்டேன். “இருக்கட்டும், எடுக்காதே” என்றார். எடுக்கப் போவதில்லை.