நாய்க்குங்களாக்கா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கறிக்கடையில் எனக்கு முன்னால் ஏழு பேர், பின்னால் நாலு பேர். என் முறை வந்ததும், "தம்பி, ரெண்டு கிலோல ஒரு கோழி போடுங்க, கழுத்து, காலு, ஈரல் எல்லாத்தையும் தனியா ஒரு கவர்ல கட்டிக் குடுத்துருங்க" என்கிறேன். அந்தத் தம்பி கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்கிறான்: "காலெல்லாம் நாய்க்குங்களாக்கா?"

இல்லடா சாமி, எனக்கு. என் வீட்டில் நாய் இல்லை, பூனை இல்லை, மீன்தொட்டிகூட இல்லை. இருக்கிறது நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற பையன், அப்புறம் மாமியார். நாலு பேரும் கோழிக்கால் சூப் குடிக்கிற மனுசங்கதான். இதை வாராவாரம் ஊர் முன்னால் வாக்குமூலம் மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். போன மாசம் பின்னால் நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கைச்செலவுக்குக் கஷ்டம் போல, பாவம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவர் வாங்கியது போன்லெஸ் ஒன்றரைக் கிலோ. யார் பாவம் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கணக்கு. நான் வாங்குகிற கடையில் கோழியை உயிரோடுதான் எடை போடுவார்கள். இறக்கையைச் சேர்த்துப் பிடித்துத் தராசில் உட்கார வைப்பார்கள், இரண்டு கிலோ நூறு காட்டினால் இரண்டு கிலோ நூறுக்கும் காசு. கால், தலை, கழுத்து, ஈரல், தோல், குடல், இறகு, காலையில் அது கொத்தித் தின்ற தீனி வரைக்கும் காசு கொடுத்தவள் நான். வெட்டித் தோலுரித்து என் கைக்கு வருவது ஒன்றேகால், மிஞ்சிப்போனால் ஒன்று முந்நூறு. மீதியெல்லாம் நீல டிரம்முக்குள். ரத்தமும் இறகும் குடலும் போகட்டும், அதை யாரும் கேட்கவில்லை. காலும் ஈரலும் எதற்கு அதற்குள் போகிறது?

ஒருநாள் கடுப்பில் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவந்து வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன். கழுத்து தொண்ணூறு கிராம். இரண்டு காலும் சேர்த்து எண்பது. ஈரலும் இதயமும் ஐம்பத்தைந்து, சுத்தம் செய்த இரைப்பை நாற்பது. தோலும் அதோடு ஒட்டிய கொழுப்பும் நூற்று எண்பதைத் தாண்டியது. கூட்டினால் நானூறுக்கு மேல். ஒரு கோழியில் இவ்வளவு! நகைக்கடையில் சேதாரம் அரை கிராம் கூடப் போட்டால் மேனேஜரைக் கூப்பிடு என்று நிற்கிறோம். காய்கறிக்காரம்மாவிடம் கொசுறுக் கறிவேப்பிலைக்கு மல்லுக்கட்டுகிறோம். இங்கே காசு கொடுத்த கோழியில் தின்னக்கூடிய நானூறு கிராமை நம் கண்ணெதிரே வீசுகிறார்கள், நாம் போனை நோண்டிக்கொண்டு நிற்கிறோம்.

என் பர்ஸோடு போகிற விசயமாக இருந்தாலாவது பல்லைக் கடித்துக்கொள்ளலாம். நான் பல்லடம் பக்கம் பிறந்தவள். அங்கே அறிவிக்கிற பண்ணை விலையைத்தான் தமிழ்நாடு முழுக்கக் கறிக்கடைக்காரர்கள் காலையில் எழுந்ததும் பார்ப்பார்கள். என் சித்தப்பா ஒப்பந்தப் பண்ணை வைத்திருந்தார். குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் கம்பெனி தரும், வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சித்திரை வெயிலில் கரண்ட் போய்விட்டால் மனுசன் ராத்திரி பகல் தூங்க மாட்டார், கூரை மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார். கிட்டத்தட்ட நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுவதற்கு ஒரு பிராய்லர் மூன்று கிலோவுக்கு மேல் தீனி தின்கிறது. பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும். அந்தச் சோளம் காலுக்கும் ஈரலுக்கும் சேர்த்துத்தான் போயிருக்கிறது. நெஞ்சுக்கறிக்கு மட்டும் தனியாகப் போகவில்லை.

இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் உடனே ஒரு விஞ்ஞானி கிளம்புவார். "கழுத்துல தான்மா ஹார்மோன் ஊசி போடுறாங்க, வாட்சப்ல வந்துச்சே." யார் போடுகிறார்கள்? ஐயாயிரம் கோழி இருக்கிற கொட்டாயில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுகிற கூலிக்கே கோழி விலை பத்தாது. பிராய்லர் வேகமாக வளர்வது ஜாதியாலும் தீனியாலும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக்கூடக் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு விடுவார்கள், இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீரில் கலப்பார்கள். சித்தப்பா பண்ணையில் நானே சொட்டு விட்டிருக்கிறேன். ஆன்டிபயாடிக் பிரச்சினை உண்மைதான், கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019ல் மத்திய அரசே தடை போட்டது. அந்தப் பயம் இருந்தால் கோழியையே விட்டுவிடுங்கள். மருந்து கழுத்தோடு நின்றுகொண்டு நெஞ்சுக்கு மட்டும் வராமல் இருக்க நடுவில் செக்போஸ்ட்டா இருக்கிறது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இரக்கப்படுகிற கூட்டம். என் மாமியாருக்குக் கழுத்து என்றால் உயிர். விருந்தாளி யாராவது வந்தால், "பாவம் அத்தை, நல்ல பீஸெல்லாம் நமக்கு வெச்சிட்டு அவங்க கழுத்தைத் திங்கறாங்க" என்று கண்ணைக் கசக்குவார்கள். பல வீடுகளில் பொம்பளைகளுக்குக் கடைசியில் கழுத்துதான் மிஞ்சியது என்பதை நான் மறைக்கவில்லை, என் அம்மா தின்ற கழுத்தெல்லாம் அந்தக் கணக்குதான். ஆனால் என் அத்தை கதை வேறு. "அட சும்மா இருங்க, எனக்கு அதுதான் ருசி. அந்த நெஞ்சுக்கறி பஞ்சாட்டம் இருக்குது, அதை எவன் திம்பான்" என்று சொல்லிவிட்டு, ஒரு கழுத்தோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எலும்பை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றி, நடுவில் இருக்கிற நரம்பை உறிஞ்சி, தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்குவார், மணி கோத்த மாதிரி. அந்த எலும்பை எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது. இதில் இரக்கப்பட என்ன இருக்கிறது? எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

"ருசி இருக்காதே" என்கிறவர்களுக்கு: உங்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஈரலை எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் மற்ற கறியோடு சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க விட்டுவிட்டு, சாக்பீஸ் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வேறு எப்படி இருக்கும்? ஈரலைத் தனியாக, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு, வாணலியில் ஏழெட்டு நிமிசம், உள்ளே சிவப்பு மறைந்ததும் இறக்கிவிட வேண்டும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற பச்சை நிறப் பித்தப்பையை மட்டும் உடையாமல் அறுத்து எறிய வேண்டும், உடைந்தால் சட்டி முழுக்கக் கசப்பு. போன வருசம் பையனுக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். டானிக் வாங்கப் போகிற வழியில்தான் கறிக்கடை, அங்கே டிரம் நிறைய ஈரல். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே! (டானிக்கையும் கொடுத்தேன், சண்டைக்கு வராதீர்கள்.)

கால்தான் எல்லோரும் பயப்படுகிற சாமான். ஒன்றும் இல்லை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, காலை ஒரு நிமிசம் முக்கி எடுத்தால், மேலே இருக்கிற மஞ்சள் தோல் சாக்ஸ் கழற்றுகிற மாதிரி வந்துவிடும். நுனி நகத்தை ஒரு வெட்டு. மஞ்சள் தேய்த்துக் கழுவி, இடித்த மிளகு, சீரகம், மல்லி, நாலு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம் போட்டுக் குக்கரில் ஆறு விசில். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் பாருங்கள், கரண்டியைக் குத்தினால் கரண்டி நிற்கும், அப்படி உறைந்திருக்கும். அமுச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, விறகடுப்பில் காலை வாட்டித் தோலுரிப்பார், அந்தத் தீய்ந்த வாசனை கேஸ் அடுப்பில் வருவதில்லை, அது ஒரு குறைதான். கழுத்தும் முதுகுக்கூடும் கிடைத்தால் பள்ளிபாளையம் சிக்கன். விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், எண்ணெய். மசாலாத்தூள் பக்கமே போக வேண்டாம். எலும்போடு ஒட்டிய கறிக்குத்தான் அந்த மிளகாய்க் காரம் ஏறும். தோலைச் சும்மா அடிக்கனச் சட்டியில் சிறுதீயில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், அதன் எண்ணெயிலேயே அது பொரிந்து அப்பளம் ஆகும். தினமும் தின்னச் சொல்லவில்லை.

இப்போது அந்த போன்லெஸ் அம்மா. போன்லெஸ்ஸுக்கு வேறு விலை. கறியைச் சீவி எடுத்துவிட்டு, நெஞ்சுக்கூடும் முதுகும் எலும்பும் டிரம்முக்குப் போகிறது, எலும்பை எடுத்ததற்குத் தனிக் கூலி போல விலையும் ஏறுகிறது. சரி, குழந்தைக்கு வேண்டும் என்கிறார்கள், விடுங்கள். ஆனால் இதே வீடுகளில்தான் அலமாரியைத் திறந்தால் டப்பாவில் கொலாஜன் பவுடர், பாக்கெட்டில் சூப் கட்டி. எலும்பு, தோல், ஜவ்வு இவற்றிலிருந்து எடுப்பதுதான் கொலாஜன். எலும்பைக் காசு கொடுத்து எறிந்துவிட்டு, அதையே பொடியாக்கி வாசனை போட்டு ஆயிரக்கணக்கில் விற்றால் ஆன்லைனில் வாங்குவார்கள். என் ஆறு விசில் சூப்பில் அது சும்மா மிதக்கிறது. யார் பாவம் என்று இப்போது சொல்லுங்கள்.

மதிப்பு என்பதே ஒரு வேடிக்கை. கோழி இறக்கை ஒரு காலத்தில் அமெரிக்காவில் சூப் சட்டிக்குப் போகிற மலிவுச் சரக்கு. 1964ல் பஃபலோ நகரத்தில் ஆங்கர் பார் என்ற கடையில் தெரசா பெலிசிமோ என்ற அம்மா அதைப் பொரித்துக் காரச் சாஸில் புரட்டிப் பரிமாறினார், அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், நம்மூர் மாலில் ஆறு பீஸ் விங்ஸ் விலையைப் பாருங்கள். ஜப்பானில் கழுத்துக்கறிக்கு செசேரி என்று தனிப் பெயர், குச்சியில் குத்திச் சுட்டுக் கொடுக்கிறார்கள், அதற்குக் காத்திருந்து தின்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தெருக்கடையில் கோழிக்காலுக்குச் செல்லப் பெயர் அடிடாஸ். அடிடாஸ்! அங்கே யாரும் நாய்க்கா என்று கேட்பதில்லை.

அப்புறம் அந்த நீல டிரம் சாயங்காலம் எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? ஒழுங்காகச் சேர்த்துத் தீவனமும் எண்ணெயும் ஆக்குகிற ஆலைகளுக்கு ஒரு பங்கு போகிறது, நல்லது. இன்னொரு பங்கு ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டி ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் விழுகிறது, காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பைக்கை முறுக்குகிறோம். இன்னும் கொஞ்சம் கள்ளத்தனமாக ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கிற குட்டைகளுக்குப் போகிறது. அந்த மீனை வளர்க்கக் கூடாது என்று 2000லேயே தடை போட்டாயிற்று, இருந்தும் வளர்க்கிறார்கள். என் கோழியின் ஈரலை என் பையன் தின்னக் கூடாது, தடை செய்த மீன் தின்னலாம்.

இவ்வளவு புலம்பியும் மூன்று வருசமாக அதே கடைக்குத்தான் போகிறேன், வெட்டு சுத்தமாக இருக்கும் என்பதால். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே புதிதாக ஒரு அட்டை தொங்கியது. கோழிக்கால் கிலோ 80, ஈரல் கிலோ 140.

"என்ன தம்பி இது?"

"நெறயப் பேரு கேக்குறாங்கக்கா, அதான் முதலாளி ரேட்டு போட்டுட்டாரு."

"சரி, வேணுங்கறவங்க வாங்கட்டும். என்ற கோழியோட காலு எனக்கு வேணுமே, நான் உசுரெடைக்குத்தான காசு குடுத்தேன்?"

தலையைச் சொறிந்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரை ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சமைக்கன்னா காசு வாங்கச் சொல்லிருக்காருங்க்கா. நாய்க்குன்னா சும்மாவே தந்தரலாமுங்க."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்த போன்லெஸ் அம்மாவும் நின்றிருந்தார். நான் ஒரு நிமிசம் யோசித்தேன்.

"நாய்க்குத்தான் தம்பி, போடு."

பளிச்சென்று சிரித்து, காலோடு கூட ரெண்டு கழுத்தும் அள்ளிப் போட்டான். கவரை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நாய் வாங்கீட்டீங்களாக்கா, சொல்லவே இல்லியே, பேரென்னங்க?" என்றான்.

அவசரத்துக்கு வாயில் வந்தது என் வீட்டுக்காரர் பேர்தான்.