இலவசம்னு கூப்பிட்டுட்டு இப்ப காசா?

ஈபே மாதிரி ஏலத் தளங்கள்ல விக்கிறவங்களுக்கு உதவற அந்தச் சேவைத் தளத்துக்காரங்க இலவசம்னுதானே கூப்பிட்டாங்க? ஏலத்துக்குப் பொருள் ஏத்த, படம் வைக்க, ஏலம் முடிஞ்சதும் எடுத்தவருக்குத் தானா மெயில் போக, எல்லாத்துக்கும் ஒரே இடம். நம்பி மொத்தக் கடையையும் அங்கே கொண்டுபோய் வச்சாச்சு. இப்ப மாசக் கட்டணம்! கட்டலைன்னா படமெல்லாம் போயிடுமாம். படமில்லாத பழைய கேமராவை எவன் ஏலம் கேப்பான்?

ஏலத் தளத்துல பொருள் போட ஒரு கட்டணம், வித்தா கமிஷன், பணம் கைக்கு வர ஒரு பிடித்தம், பார்சல் செலவு வேற. அதுக்கு மேல இதுவுமா? பத்து டாலர் பீங்கான் கிண்ணத்துல என்னதான் மிஞ்சும்? பெரிய வியாபாரி தாங்கிடுவான். வீட்டு மூலையில உக்காந்து விக்கிறவன்?

2017-ல படங்களைச் சேமிச்சு வைக்கிற ஃபோட்டோபக்கெட் தளம் என்ன பண்ணுச்சு? மத்த தளங்கள்ல படம் காட்ட வருஷத்துக்கு 399.99 டாலர்னு திடீர்னு சொல்லுச்சு. ஈபே, அமேசான் விற்பனைப் பக்கங்கள்ல பொருளோட படமே காணாமப் போச்சு. யாராவது பாடம் கத்துக்கிட்டாங்களா?

சர்வருக்குச் செலவாகும், ஒத்துக்கறேன். அதை நாங்க சேரும்போதே சொல்லியிருக்கணும். வேற இடத்துக்கு மாறலாம்னா ஒவ்வொரு பொருளோட விவரத்தையும் முதல்லேர்ந்து அடிக்கணும். பழசை மொத்தமா இறக்கிக்கற வசதியா? அதுவும் காசு கட்டினவங்களுக்கு மட்டும்தானாம்!