என் மகள் அன்றைக்கு லீவு போடவில்லை

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாமல் என் மகள் தாத்தா ஊருக்கு மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கப் போனாள், அதற்காகத் திங்கட்கிழமை டீச்சர் அவளை வகுப்பில் அவமானப்படுத்தினார். நடந்ததை முந்தாநாளே எழுதிவிட்டேன், திரும்ப முழுசாக விவரிக்க மனசில்லை. அதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு போன் போட்டுச் சமாதானம் சொல்கிறீர்கள். "டீச்சர் ஏதோ டென்ஷன்ல சொல்லியிருப்பாங்க, விடு." "பரீட்சை நேரத்துல நீயும் பிள்ளைய ஊருக்கு அனுப்பியிருக்கக் கூடாது." சரி, அக்கறையில்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதால்தான் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை என் மகள் படிப்பை விட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை. படிக்கத்தான் போனாள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, கையைப் பிடித்துத் தூக்கி, நகக்கண்ணில் இருந்த செம்மண்ணை வகுப்புக்கே காட்டி, "மல்லாட்டை பிடுங்கப் போறவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் ஒரு குளியலில் போகாது. கடலூரில் இருந்துகொண்டு இது தெரியாதவர்கள் இருப்பார்களா என்ன?

அவள் என்ன படித்தாள் என்று கேளுங்கள்.

என் அப்பா மார்கழிப் பட்டத்தில் கொல்லையில் (எங்கள் பக்கம் நிலத்தை அப்படித்தான் சொல்வோம்) மல்லாட்டை போட்டார். பொங்கல் லீவுக்குப் போனபோது செடி ஒரு சாண்கூட இல்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. பூத்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒன்று கிளம்பி மண்ணைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. "விழுது எறங்குது பாரு" என்றார் அப்பா. இவள் பாவாடையோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். "பூ மேல, காய் கீழயா தாத்தா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்பா ஒரு செடியைக் களைக்கொத்தியால் நெம்பி, மண்ணை உதறி, வேரைக் காட்டினார். வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளச் சொன்னார். கிள்ளினாள். உள்ளே இளஞ்சிவப்பு. "ஐயோ, ரத்தம்!"

அறிவியல் புத்தகத்தில் வேர் முடிச்சு, அதில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா என்று இரண்டு வரி வரும். ஒரு மார்க் கேள்வி. அன்று இரவு நானும் அவளும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள். நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தம். பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, அந்த வேலை ஆக்சிஜனால் கெட்டுவிடாமல் இது பார்த்துக்கொள்கிறது. அப்பாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. "மல்லாட்டை போட்ட கொல்லையில அடுத்து எதப் போட்டாலும் நல்லா வரும்" என்பது தெரியும். தாத்தா சொன்னதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தது என் மகள். நானும் சொல்லித் தரவில்லை, அந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

அறுவடைக்கு நாள் குறிப்பது எப்படி என்றும் அவளுக்குத் தெரியும். நாலு செடி பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்பக்கம் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் முற்றிவிட்டது. வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. முற்றிய பிறகு ஒரு மழை இறங்கிவிட்டால் போச்சு, காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். "அடுத்த வாரம் போயிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மல்லாட்டைக்கு நம்முடைய டைம்டேபிள் தெரியாது.

இதே பள்ளிதான் ஜனவரியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பண்ணை ரிசார்ட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனது. தலைக்கு 900 ரூபாய். 'பை இல்லா நாள்' என்று சர்க்குலர். 2020 தேசியக் கல்விக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் 10 நாள் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் மாதிரி ஆட்களிடம் போய்க் கற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைத்தான் இப்படி நடத்தினார்கள். கையுறை மாட்டிவிட்டு, ஆளுக்கு நாலு நாற்று கொடுத்து, நடச் சொல்லி, படம் எடுத்தார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "நாங்க நட்டத பிடுங்கி அடுத்த பேட்ச்சுக்குக் குடுத்தாங்கம்மா." நட்ட நாற்றைப் பிள்ளைகள் கண் முன்னாலேயே பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் படம் இன்றைக்கும் பள்ளி வாசலில் பெரிதாகத் தொங்குகிறது. அந்தச் சேறு பெருமை, என் அப்பா கொல்லை மண் மட்டும் அசிங்கமா?

அப்புறம், வெயில், பாம்பு, பூச்சி என்று பயப்படுகிறவர்கள். காலை ஆறு மணிக்குக் கொல்லையில் இறங்கி ஒன்பதரைக்கு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள். பச்சை மல்லாட்டையை அவள் ஆயா, என் அம்மா, அவித்துக் கொடுக்க, அதைத் தின்றுகொண்டே மற்ற பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்தாள். செடியைத் தூக்கும் முன் குச்சியால் தட்டிப் பார்க்கவும், குவியலுக்குள் கையை விடாமல் இருக்கவும் அவளுக்குத் தெரியும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்று தெரிந்து அந்தப் பக்கமே போகமாட்டாள். எது ஆபத்து, எது இல்லை என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் பயம் குறைவு.

ஒருவர் 'குழந்தைத் தொழிலாளர்' என்றே சொல்லிவிட்டார். 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்ப வேலையில் ஒத்தாசை செய்யலாம், அது ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது என்று தெளிவாக வைத்திருக்கிறார்கள். தாத்தா கொல்லையில் மூன்றரை மணி நேரம் இருந்ததற்கு அந்த வார்த்தையா? இதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு நண்பர் கேட்டதுதான் தூங்கவிடவில்லை. "குலக்கல்விய திரும்பக் கொண்டு வரியா?" அந்த வரலாறு எனக்கும் தெரியும். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் கொதித்தெழுந்தார். அடுத்த ஆண்டே ராஜாஜி போய் காமராஜர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது. போனது நல்லது. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்க நிறுத்தப்பட்டவர். பலாப்பழம் விற்ற காசில்தான் என்னைப் படிக்க வைத்தார். உழுகிறவன் பிள்ளை உழுதால் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? டாக்டர் பிள்ளையும் வக்கீல் பிள்ளையும் அந்த டீச்சர் பிள்ளையும் வந்து வேரைக் கிள்ளிப் பார்க்கட்டும் என்கிறேன்.

ஆனால் அன்று எங்களோடு காய் ஆய்ந்த அக்கா ஒருவர், ஆய்ந்த காயை மரக்காலால் அளந்து கூலி வாங்குகிறவர், என் மகளைப் பார்த்துவிட்டு, "எம்புள்ளைய நான் இந்தப் பக்கமே வரவிட மாட்டேன்மா" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. அவர் பிள்ளைக்குக் கொல்லை வேறு, என் பிள்ளைக்குக் கொல்லை வேறு. இதை மறைத்துவிட்டு எழுத நான் விரும்பவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு ஆறாதது வேறு.

விஷயம் எப்படியோ அப்பா காதுக்கு எட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இனிமே பாப்பாவ இங்க அனுப்ப வேணாம்மா. நம்மளால அது நாலு பேர் முன்னாடி தலகுனிய வேணாம்" என்றார்.

2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த காலை. இந்த மாவட்டத்தில் யாருக்கும் அந்த நாளைச் சொல்லித் தர வேண்டாம். முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் தாத்தா வைத்த பலாவும் விழுந்தது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நிழல் கொடுத்த மரம். அப்பா அந்த மரத்தின் மேலேயே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக்கூட இந்தக் குரலில் பேசியவர் இல்லை. அடுத்த ஆடியில் அதே இடத்துக்குப் பக்கத்தில் குழி எடுத்து ஒரு கன்று வைத்தார். என் மகளைவிட அதற்கு ஒரு வயதுதான் கூட. புயலுக்கு எழுந்து நின்ற மனிதரை ஒரு டீச்சரின் ஒரு வரி உட்கார வைத்துவிட்டது.

இன்று காலை நானே கூப்பிட்டேன். அந்தப் பலாவில் அடிமரத்தில் தொங்குகிறதே, அதை வெட்டிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"தட்டிப் பாத்தேன். சத்தம் மாறல. இன்னும் ரெண்டு மூணு நாள் போவணும்" என்றார்.

சனிக்கிழமைக்குச் சரியாக இருக்கும். அன்றைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. பாப்பா வருவாள், கைக்குத் தடவ நல்லெண்ணெய் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.